மஞ்சள் தடவாத பத்திரிகை

கோபாலபுரத்தில் என் டயர் கடை இருக்கிற தெருவில் மொத்தம் ஒன்பது வீடு, ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஒரு இஸ்திரி வண்டி. சத்தம் என்று ஒன்று கேட்டால் அது என் கடையிலிருந்துதான் வரும். இதை நானே ஒத்துக்கொள்கிறேன். மேல்மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் கஸ்தூரிரங்கன் சார் மட்டும் அதற்கென்று ஒரு நோட்டு போட்டு எழுதி வைத்திருந்தார்.

நிஜமாகவே நோட்டுதான். திங்கட்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். எழுபது வயது, ரயில்வேயில் இருந்து ரிட்டயரானவர். வேட்டி, அரைக்கைச் சட்டை, கழுத்தில் மாலை போட்டது போல ஒரு பெரிய ஹெட்போன்.

"பொன்மணி, இன்னிக்கு மட்டும் சொல்றேன், கேளு. ரெண்டு ஏழு, ரெண்டு இருபத்திரண்டு, ரெண்டு நாப்பது, ரெண்டு அம்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் ஏழு நிமிஷம் உன் கம்ப்ரஸர் ஓடறது. தரை நடுங்கறது. மேஜையில வெச்ச டம்ளர் தானா நகர்றது."

"கம்ப்ரஸர் ஓடலன்னா நான் இன்னா சார் பண்றது? வாயால ஊதியா டயருக்குக் காத்து அடிக்கிறது?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சார் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருந்தார். கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, ரெக்கார்டு செய்து ஒரு அமைப்புக்குக் கொடுப்பார். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைதான் தெரு அடங்கும். அந்த நேரத்தில் என் கம்ப்ரஸர் அடங்காது. பிளஸ் டூ வரலாற்றுப் புத்தகம் பாதியில் நின்றது. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்த அமைப்புக்காரா கேக்கறா, உங்காத்துக் கீழ்ப் போர்ஷனையே ரெக்கார்டிங் ரூமா பண்ணிடலாமான்னு. எனக்கும் வேற வழி தெரியலை" என்றார். "வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஒரு பாடத்தை முழுசாப் படிக்கப் போறேன். அதுக்குள்ள கம்ப்ரஸர் ஒரே ஒரு தடவை ஓடினாலும் சரி, தை மாசம் நீ வேற இடம் பார்த்துக்கோ."

"நட்டு கழட்டுற கன்னு? அது சத்தம் போடாதா?"

"அது பத்து செகண்டு. நிறுத்தி, எச்சில் முழுங்கிட்டு மறுபடி படிச்சுப்பேன். ஏழு நிமிஷம் எச்சில் முழுங்கிண்டு உக்கார முடியுமா?"

பேராசைக்காகக் கடையைக் காலி பண்ணச் சொல்கிற ஆளாக இருந்தால் தெருவில் நின்று திட்டியிருப்பேன். அதற்கு வேண்டிய குரல் என்னிடம் இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற முத்தம்மாவின் மகள் நான். கடல் இரைச்சலுக்கு மேலே விலை சொல்லிப் பழகிய குடும்பம். எங்கள் வீட்டில் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பேசுகிறவரை என்னவென்று திட்டுவது? திட்ட முடியாத ஆத்திரத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷக் கடை. சின்னத் தட்டியில் ஆரம்பித்து ஷட்டர் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

இத்தனைக்கும் குற்றம் கம்ப்ரஸர் மேல் இல்லை. டாங்கியில் காற்று எட்டு கிலோ ஏறினால் அது தானாக நிற்கும். அழுத்தம் காட்டும் முள் ஐந்துக்கு இறங்கினால் தானாக ஓடும். ஒரு தடவை நிரப்பினால் சாதாரணமாக இரண்டு மணி நேர வேலை தாங்கும். கெடுத்தது என் கன்தான். அதன் பின்மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் காற்று கசிந்தது. விசையை அழுத்தினால் உஸ்ஸென்று சீறும். டாங்கியில் பிடித்து வைத்த காற்றில் பாதி நட்டுக்குப் போகும், பாதி என் மணிக்கட்டுக்கு வரும். இரண்டு நொடியில் கழல வேண்டிய நட்டுக்குப் பத்து நொடி. ஒரு கார் முடிவதற்குள் முள் ஐந்தைத் தொட்டுவிடும்.

புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். போன வருஷம் வாங்கினேன். மூன்றே மாதத்தில் அது பழசைவிட மோசமாகச் சீறியது.

நானும் சும்மா இருக்கவில்லை. மூடிக்கு வெளியே எம்-சீல் அப்பினேன். உள்ளே கறுப்பு பேஸ்ட்டைத் தோசை மாவு ஊற்றுவதுபோல் ஊற்றினேன். கன் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, மறுநாள் வேறு பக்கமாகச் சீறியது. செவ்வாய்க்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆதம்பாக்கத்தில் வலியுல்லா பாயிடம் போனேன். காற்றில் ஓடுகிற கருவி எதுவானாலும் பழுது பார்ப்பவர். என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிட நீளம்.

மூடியைத் திறந்து பார்த்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பொன்மணி, கன்னுக்கு அல்வா ஊட்டி வெச்சிருக்கே?"

"கசிஞ்சிது பாய். அடைச்சேன்."

"நல்லா அடைச்சே. காத்து போற வழியையும் சேர்த்து அடைச்சிட்டே. உள்ள சுத்துற பிளேடெல்லாம் ஒட்டிக்கினு கீது பாரு."

பேஸ்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய அட்டை கிழிந்து நாராகத் தொங்கியது. அதுதான் கேஸ்கட். கம்பெனிச் சாமான் இந்த ஊரில் கிடைக்காது என்றார். பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்தார். அத்தனையும் கல்யாணப் பத்திரிகை.

"பிரஸ்ல வேஸ்ட்டாப் போறது. இந்தத் தடிமன்தான் இதுக்கு அளவு. சாதா பேப்பர் கிழிஞ்சிடும், அட்டைப் பெட்டி நசுங்கிடும்."

வெட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்தார். பத்திரிகையின் தலையில் அச்சடித்திருந்த இறைவன் பெயரை மட்டும் தனியாகக் கத்தரித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகப் போட்டார். டப்பாவில் அப்படி ஏற்கெனவே நிறைய இருந்தன.

"அதுல கிரீஸ் படக் கூடாது, பாரு" என்றார்.

மிச்ச அட்டையைக் கன்னின் வாயில் வைத்து, சின்னச் சுத்தியால் ஓரத்தில் தட்டித் தட்டி அச்சு எடுத்தார். அதன்படி வெட்டி, எண்ணெயில் தோய்த்து, உட்கார வைத்தார். நாலு ஸ்க்ரூவையும் எதிரெதிராக, ஒவ்வொன்றாய், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பிறகு மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி விசையை அழுத்தினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"நாளைக்கு ஆம்பூர் போறேன். கொழுந்தியா பொண்ணுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமைதான் வருவேன். அதுவரைக்கும் இந்த ஸ்க்ரூ மேல மட்டும் கை வெக்காதே."

புதன்கிழமை கடை சொர்க்கமாக இருந்தது. கம்ப்ரஸர் நாள் முழுக்க மூன்றே தடவைதான் ஓடியது. கஸ்தூரிரங்கன் சார் பால்கனியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செத்துவிட்டேனோ என்று நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை காலையில்தான் என் புத்தி வேலை செய்தது. டயர் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நட்டு இறுகிவிட்டது என்று தெரிந்த பிறகும், எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அரைச் சுற்று கொடுப்போம். ஓடுகிற வண்டியில் சக்கரம் கழன்றால் உயிர் போகும், அதனால் வந்த பழக்கம். இன்றைக்குத்தானே பரீட்சை என்று கன்னைக் கையில் எடுத்தேன். அந்த நாலு ஸ்க்ரூவும் என்னைப் பார்த்தன. எதுக்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று கொடுத்தேன். மூன்றாவதில் உள்ளே அட்டை 'தக்' என்று கிழிந்தது. விசையை அழுத்தினேன். உஸ்.

அப்போது மணி பன்னிரண்டு. ஆம்பூருக்குப் போன் போட்டேன். பின்னால் பந்தி நடக்கிற சத்தம்.

"கை வெச்சியா?" என்றார் பாய். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"வெச்சிட்டேன் பாய். இன்னும் ரெண்டு மணி நேரம்தான் கீது. இன்னா பண்றது?"

"பயப்படாதே. நான் வெட்டினதைப் பார்த்தே இல்ல? கடையில எதுனா கல்யாணப் பத்திரிகை கீதா பாரு. தட்டி அச்சு எடு, வெட்டு, எண்ணெயில போடு. ஸ்க்ரூவை எதிரெதிரா இறுக்கு. அப்புறம் கையைக் கட்டிக்கினு உக்காரு."

கடையில் ஒரே ஒரு பத்திரிகைதான் இருந்தது. அதுவும் யாருடையது? கஸ்தூரிரங்கன் சார் மகள் கல்யாணப் பத்திரிகை. போன ஆவணியில் அவரும் மாமியும் இறங்கி வந்து, தட்டில் வைத்துக் கொடுத்தது. அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். வேறு வழியில்லை என்று எடுத்து விரித்தேன்.

நட்ட நடுவில் பெருமாள் சங்கு சக்கரத்தோடு நின்றார். அவரைக் கத்தரிக்கோலால் வெட்ட எனக்கு மனசு வருமா? அவருக்குக் கீழே பெண், மாப்பிள்ளை பெயர்கள். இப்போதுதான் குடித்தனம் ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்கள் பெயருக்கு நடுவே கத்தரி போட்டால் நாளைக்கு ஒன்று என்றால் நான்தான் காரணம் என்று தோன்றும். இப்படி ஒவ்வொருவராகக் கும்பிட்டு விலகி விலகி, கடைசியில் கீழ் மூலைக்கு வந்து சேர்ந்தேன். மூலையில் வழக்கப்படி மஞ்சள் தடவியிருந்தது. மங்கலம்தானே, நல்லதுதான் நடக்கும் என்று அங்கேயே வெட்டினேன்.

பாய் சொன்னபடியே எல்லாம் செய்தேன். கன்னைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி விசையை அழுத்தினேன். மூன்று பக்கம் அமைதி. நாலாவது பக்கத்தில் குமிழி கிளம்பியது. அதுவும் சாதாரணக் குமிழி இல்லை. ரத்தம் போலச் சிவப்பாக வந்தது.

பெருமாள் பத்திரிகையை வெட்டியதற்குக் கன் ரத்தம் கக்குகிறது என்றே ஒரு நிமிஷம் நம்பினேன். பிறகுதான் உறைத்தது. மஞ்சள் பட்ட புடவையில் துணி சோப்பு போட்டால் கறை சிவக்கும், துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திறந்து பார்த்தேன். மாமி தாராள மனசு, மஞ்சளைக் குழைத்து அழுத்தித் தடவியிருக்கிறார். காய்ந்த மஞ்சள் பொருக்கும், ஈரத்தில் உப்பிய அட்டையும் சேர்ந்து அந்த மூலை மேடாகியிருந்தது. அந்த மேட்டுக்குப் பக்கத்தில் மூடி உட்காரவே இல்லை. காற்று அதன் வழியாகத்தான் போனது.

மணி ஒன்று இருபது. அக்கம்பக்கத்தில் ஓடிக் கேட்டேன். ஒரு பத்திரிகைகூடக் கிடைக்கவில்லை. இப்போது எல்லோரும் வாட்ஸப்பில்தான் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வாட்ஸப்பை வெட்டிக் கேஸ்கட் போட முடியாது.

பத்திரிகை மிச்சமிருக்கக்கூடிய வீடு ஒன்றுதான். யார் என்னைக் காலி பண்ணச் சொன்னாரோ அவர் வீடு. மாடி ஏறினேன்.

சார் வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். மேஜையில் மைக், பக்கத்தில் வரலாற்றுப் புத்தகம். மாமி தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நான் மூலையில் ஓட்டை விழுந்த பத்திரிகையை நீட்டினேன்.

"எங்காத்துப் பத்திரிகையா இது?"

"ஆமா சார். கன்னுக்குக் கேஸ்கட் வெட்டினேன். மஞ்சள் இருந்த மூலையில வெட்டிட்டேன், மேடு தட்டிச்சி, காத்து நிக்கல. மஞ்சள் தடவாத பத்திரிகை ஒண்ணு இருந்தாக் குடுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருமாளை வெட்டலையே?"

"ஐயோ, இல்ல சார்."

"பொண்ணு, மாப்பிள்ளை பேரு?"

"அதையும் தொடல சார். உங்க பேருதான் கீழ இருந்துச்சி. அதுல 'ரங்கன்' மட்டும் போயிட்டுது."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாருக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பல்லில் இடைவெளி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"பரண்ல நாப்பது மிச்சம் இருக்கு. தூக்கிப் போட மனசே வரலை" என்று மாமி உள்ளே போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் பளிச்சென்று, மஞ்சள் படாதவை.

"பத்திரிகை தரேன், அதுக்காகச் சலுகை கிடையாது" என்றார் சார். "ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுடுவேன்."

"ஆரம்பிங்க சார்" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.

பத்திரிகையின் பின்தாளில் அச்சே இல்லை. பெருமாளும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அதில் தட்டி அச்சு எடுத்து வெட்டினேன். எண்ணெய். எதிரெதிர் ஸ்க்ரூ. சோப்புத் தண்ணீர். விசை. ஒரு குமிழிகூட இல்லை. அரைச் சுற்று கொடுக்கச் சொல்லிக் கை அரித்தது. ஸ்க்ரூ டிரைவரைத் தெருவுக்கு எதிரே இஸ்திரி வண்டி கபாலியிடம் கொடுத்து, நாலு மணிக்குமுன் நான் கேட்டால் தராதே என்றேன். டாங்கி எட்டு கிலோ நிரம்பி கம்ப்ரஸர் நின்றபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

இரண்டு மணிக்கு மேலே சாரின் குரல் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அவர் என் தலைக்கு மேல் என்ன செய்கிறார் என்று எனக்குக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டது. நிதானமாக, கமாவுக்குக்கூட நிறுத்தி, யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் படித்தார். நான் பத்தாவதோடு நிறுத்தியவள். ஒரு ஆக்டிவா பஞ்சரை ஒட்டிக்கொண்டே உப்புச் சத்தியாகிரகம் கேட்டேன்.

முள் ஏழு. ஒரு கார் வந்தது, ஒரு சக்கரம். கன் பத்து செகண்டுக்கும் குறைவாகத்தான் பேசியது. முள் ஆறரை. இரண்டு பைக்குக்குக் காற்று. ஆறு. மூன்றரைக்கு முள் ஐந்தே முக்காலில் நின்றது. போதும், இனி யாரும் வராதீர்கள் என்று வியாபாரம் பண்ணுகிற நானே வேண்டிக்கொண்டேன்.

மூன்று நாற்பத்தைந்துக்குப் பள்ளிக்கூட வேன் ஒன்று தட்டையான டயரோடு வாசலில் வந்து நின்றது. நாலு மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். திருப்பி அனுப்ப முடியுமா? ஜாக்கி போட்டேன். ஐந்து நட்டு. கன்னை வைத்து அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, கழன்றன. முள் ஐந்தரை. நாலு, ஐந்து. ஸ்டெப்னியை மாட்டி, நட்டைக் கையால் திருகி, கன்னால் இறுக்கினேன். முள் ஐந்துக்கு ஒரு நூல் மேலே வந்து நின்றது. கடைசி அரைச் சுற்றைக் கை ஸ்பானரால் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து வேனுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து வழி கேட்டு ஹார்ன் அடித்தது. நம்ம விக்கிதான், இந்தத் தெரு சவாரி ஆட்டோக்காரன். ஒரு தடவை இல்லை, விடாமல் அடித்தான். இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு எங்கிருந்து வந்ததோ, முத்தம்மாவின் குரல் முழுசாக வெளியே வந்தது. கத்தி முடித்த பிறகுதான் மேலே படிப்பு நின்றுபோனது தெரிந்தது.

கம்ப்ரஸரை அடக்கிவிட்டு நானே கெடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மேலே படிப்பு மறுபடி ஆரம்பித்தது. வேன் போனது. விக்கியும் போனான். நாலு மணி அடித்தபோது முள் அதே ஒரு நூலில் நின்றிருந்தது.

சார் படி இறங்கி வந்தார். கையில் நோட்டு, லேப்டாப். நோட்டைத் திறந்து காட்டினார். வியாழன், இரண்டு முதல் நாலு என்று எழுதி, கீழே வெறும் பக்கம்.

"ஒரு தடவைகூட ஓடலை" என்றார்.

"அப்ப தை மாசம், சார்?"

"தை மாசம் பொங்கல் வரும். வேற என்ன வரும்? அமைப்புக்காராகிட்ட எங்காத்து ஹாலே போதும்னு சொல்லிடறேன்."

அவர் லேப்டாப்பை டயர் அடுக்கின் மேல் வைத்தார்.

"ஆனா இதைக் கேளு."

பொத்தானை அழுத்தினார். அவர் குரல்: 'அவர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடந்தார்கள்.' தூரத்தில் ஹார்ன். பிறகு நான்.

'டேய் விக்கி, ஹார்ன் மேலருந்து கைய எடு. மேல பசங்களுக்குப் பாடம் ஓடிக்கினு கீது. கண்ணு தெரியாத பசங்கடா. காதுதான் அவங்களுக்குப் புஸ்தகம். நீ அடிச்சா அவங்க எப்படிப் படிப்பாங்க?'

பிறகு சார் குரல், மறுபடி வேதாரண்யம்.

"அழிச்சிடுங்க சார்" என்றேன். "அசிங்கமா கீது."

"அழிக்கப் போறதில்லை. அப்படியே அனுப்பப் போறேன்" என்றார் சார். "தெருவுல ஒருத்தி நின்னுண்டு தங்களுக்காகச் சண்டை போட்டான்னு அந்தக் குழந்தைகளுக்கும் தெரியட்டும்."

நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். கையில் இருந்த சோப்புத் தண்ணீர் கண்ணில் பட்டதாகத்தான் கபாலியிடம் சொன்னேன். நான் அழுதேன். ஸ்க்ரூ டிரைவரை நீட்டிக்கொண்டு அவன் நின்றான். அது உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.